மறுபடியும் பிஎச்.டி. விண்ணப்பம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். சோடியம் அயனி பேட்டரியில் புராஜெக்ட் செய்தேன். போன டிசம்பரில் அமெரிக்காவில் ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தேன். ஒன்பதிலும் நிராகரித்துவிட்டார்கள், ஓர் இடத்திலிருந்துகூட இன்டர்வியூ அழைப்பு இல்லை. இந்த முறை பதினைந்து, இருபது இடங்களுக்குப் போட்டால் சரியாகுமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: ஆகாது தம்பி. அதே எஸ்ஓபி (எதை, ஏன் ஆராய விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் நோக்க உரை), அதே மூன்று ரெக்கமண்டேஷன் லெட்டர் என்றால் கட்டணம்தான் கூடும். ஓர் இன்டர்வியூகூட வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் துப்பு இருக்கிறது. இன்டர்வியூ வரை போய் நழுவினால் பேசிய விதத்தைப் பார்க்க வேண்டும். அல்லது அந்தப் பேராசிரியரிடம் அந்த ஆண்டு நிதி இல்லாமல் இருந்திருக்கலாம். அழைப்பே வராவிட்டால் குறை பெரும்பாலும் காகிதத்தில்.

முதலில் லெட்டரைச் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மூன்றையும் ஒரே மாணவர் எழுதினால் மூன்றும் ஒரே குரலில் பேசும். சேர்க்கைக் கமிட்டியில் இருப்பவர்கள் இதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். துறைத்தலைவர் கொடுக்கும் 'ஒழுக்கமானவர், தவறாமல் வகுப்புக்கு வருபவர்' என்ற கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. நீங்கள் பேட்டரி செல் கட்டியதையும், அது கெட்டுப்போனதையும், மறுபடி கட்டியதையும் நேரில் பார்த்த கைடு எழுதும் அரைப்பக்கம் அதைவிட எவ்வளவோ மேல். கெடுவுக்கு ஆறு வாரம் முன்பே அவரிடம் போங்கள். எழுதிய கடிதத்தைக் கொடுக்காமல் குறிப்பைக் கொடுங்கள்: பயோடேட்டா, எஸ்ஓபி வரைவு, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தேதி என்ற பட்டியல், அவரிடம் நீங்கள் செய்த வேலை ஐந்தாறு வரியில். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். ஆம் என்றே குறியுங்கள். ரகசியமாக வராத கடிதத்துக்கு மதிப்புக் குறைவு.

அடுத்தது எஸ்ஓபி. 'சிறுவயது முதலே வேதியியலில் தீராத ஆர்வம்' என்று தொடங்கியிருந்தால் அந்தப் பத்தியையே எடுத்துவிடுங்கள். 'சோடியம் அயனி பேட்டரியின் ஹார்டு கார்பன் ஆனோடில் முதல் சுழற்சியிலேயே கொள்ளளவில் ஒரு பங்கு திரும்பாமல் போகிறது. எலெக்ட்ரோலைட் சிதைந்து மேற்பரப்பில் படலமாவது இதற்கு ஒரு காரணம். என் புராஜெக்டில் அந்த இழப்பைக் குறைக்க இதை மாற்றிப் பார்த்தேன், இவ்வளவு குறைந்தது, இது மட்டும் புரியவில்லை' என்று தொடங்குங்கள். புரியாத இடத்தைச் சொல்வது பலவீனம் இல்லை, பிஎச்.டி. அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடைசிப் பத்தியில் அந்தத் துறையின் இரண்டு மூன்று பேராசிரியர்களைப் பெயரோடு குறிப்பிட்டு, அவர்கள் வேலையில் உங்கள் கேள்வி எங்கே பொருந்துகிறது என்று எழுதுங்கள். பெயரை மட்டும் மாற்றி எல்லா இடத்துக்கும் அனுப்ப முடிகிற பத்தி என்றால் அது இன்னும் தேறவில்லை.

மூன்றாவது இடத்தேர்வு. ரேங்க் பட்டியலை மூடிவிட்டு, உங்கள் கேள்வியில் கடந்த மூன்று ஆண்டில் கட்டுரை வெளியிட்ட குழுக்களைத் தேடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் அவர்களுக்கு 150 சொல்லுக்கு மிகாமல் மின்னஞ்சல் அனுப்பி, அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் வராதவை நிறைய இருக்கும், மனம் தளர வேண்டாம். 'எடுக்கவில்லை' என்று வந்தால் ஒரு கட்டணம் மிச்சம். நல்ல ஆளே இருந்தாலும் இடமில்லாத ஆய்வகத்தில் இடம் கிடைக்காது.

ஐரோப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பல நாடுகளில் பிஎச்.டி. இடத்தை வேலை விளம்பரம் போல ஆண்டு முழுதும் அறிவிக்கிறார்கள், முதுகலை முடித்தவரைத்தான் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஆய்வு வேலைகளைத் திரட்டித் தரும் யூராக்சஸ் தளத்தில் தேடலாம். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் இடங்களுக்கு, வேலையில் சேர்வதற்கு முந்தைய 36 மாதத்தில், சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. நம் ஊரிலேயே இருப்பவருக்கு அது ஒரு தடையே இல்லை.

இடைப்பட்ட மாதங்களை வீட்டில் கழிக்காதீர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உங்கள் ஊருக்குப் பக்கத்தில், காரைக்குடியில், அதுவும் உங்கள் துறையிலேயே இருக்கிறது. புராஜெக்ட் அசோசியேட் (ஆய்வுத் திட்டத்தில் தற்காலிக வேலை) அறிவிப்பு வருகிறதா என்று அதன் தளத்தை வாராவாரம் பாருங்கள். புதிய லெட்டருக்கும் அதுவே வழி. டோஃபல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு ஆண்டுக்கும், ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண் ஐந்து ஆண்டுக்கும் செல்லும், தேதியைச் சரிபாருங்கள். முன்பு விண்ணப்பித்ததுண்டா என்று படிவம் கேட்டால் உண்டு என்றே எழுதுங்கள்.

கேள்வி: நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேறி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றேன். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் நேர்காணலில் விட்டுவிட்டார்கள். என்ன குறை?
– வாசகி, புதுவயல்

பதில்: உங்கள் பிரிவுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் காலாவதித் தேதியைப் பார்த்து அடுத்த நெட்டுக்கும் பதிந்துவையுங்கள். நேர்காணலில் பெரும்பாலும் சறுக்குவது சொந்த புராஜெக்டில்தான். உதாரணமாக, 'பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் எந்த ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு வைத்தீர்கள்?' என்று கேட்பார்கள். சில்வர்–சில்வர் குளோரைடு என்றால், காரக் கரைசலில் அது நிலையாக நிற்காதே, மெர்குரி–மெர்குரிக் ஆக்சைடு ஏன் வைக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். 'சீனியர் வைத்தார், நானும் வைத்தேன்' என்று சொன்னால் அங்கேயே முடிந்தது. உங்கள் புராஜெக்டில் பயன்படுத்திய ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு எண்ணுக்கும் 'ஏன்' என்று எழுதி, கரும்பலகை முன் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: மகள் இரண்டாம் முறையாக அமெரிக்காவுக்கு எழுதப்போகிறாள். செலவுக்கு நகையை வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. வரனும் வருகிறது. ஒரு தாயாக என்ன செய்ய?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, நகையை வைக்க வேண்டாம். அறிவியல் பிஎச்.டி.க்கு அங்கே பெரும்பாலும் கல்விக்கட்டணத்தைத் தள்ளி, மாதச் செலவுக்கும் பணம் தருவார்கள். நிதி இல்லாத அனுமதி வந்தால் அதை வரவில்லை என்றே கணக்கில் வையுங்கள். பணம் கொடுத்தால் சீட் உறுதி என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வரன் வீட்டாரிடம் ஏப்ரல் 15 வரை, அதாவது சித்திரை பிறந்த மறுநாள் வரை அவகாசம் கேளுங்கள். நிதியோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல அங்கே பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் நாள் அது. வெயிட்டிங் லிஸ்ட் நகர்வதும் அதையொட்டித்தான். கடிதம் வந்ததும் மகளோடு உட்கார்ந்து நான்கைப் பாருங்கள்: கல்விக்கட்டணம் முழுதும் தள்ளுபடியா, உதவித்தொகை ஆண்டுக்கு 9 மாதமா 12 மாதமா, எத்தனை ஆண்டுக்கு உறுதி, மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுகிறார்கள். ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும், சம்மதம் சொல்லும் முன் துறைக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.