அப்பா எழுதிய மாத நாவல்கள்: எது, எப்போது, எங்கே வந்தது?

கேள்வி: என் அப்பா 1970-களிலும் 80-களிலும் வார இதழ்களிலும் மாத நாவல்களிலும் துப்பறியும் கதைகள் எழுதினார். பெரும்பாலும் ஒரு பெண் பெயரில். 1994-ல் காலமானார். வீட்டில் இருப்பவை அட்டை போன 11 புத்தகங்களும், அம்மா கிழித்துத் தைத்து வைத்த இரண்டு தொடர்கதைகளும்தான். முழுப் பட்டியல் எடுத்துத் தருவதாக ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். புத்தகங்களையும் ஒரு பேப்பரில் கையெழுத்தும் வேண்டுமாம். கொடுக்கலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். புத்தகமும் கையெழுத்தும் போனால் திரும்பாது. என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படித்தான் ஒரு பெட்டி நிறையப் பழைய இதழ்களைத் தூக்கிக் கொடுத்தது. மூன்று பக்கப் பட்டியல் வந்தது, பெட்டி வரவில்லை. பழைய மாத நாவல்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது இந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பேப்பரில் என்ன இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான் செல்லும் என்கிறது சட்டம். அதனால்தான் இவர்கள் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று மறக்காமல் அடித்துக்கொண்டு வருவார்கள். எழுத்தாளர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. உங்கள் குடும்பத்துக்கு 2054 டிசம்பர் வரை இருப்பதை ஒரு கையெழுத்தில் விட்டுவிடாதீர்கள். ‘ரிஜிஸ்டர் பண்ணினால்தான் உரிமை’ என்று பயமுறுத்துவார்கள். பதிவு கட்டாயமே இல்லை.

சரி, தேடுவது எப்படி? எல்லாரும் எழுத்தாளர் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுகிறார்கள். மாத நாவல் என்பது பத்திரிகை. மலர் எண், இதழ் எண் போட்டு வந்தது. நூலகத்தில் அது பத்திரிகையின் பெயரில்தான் இருக்கும், அதுவும் இருந்தால். 1954-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு பதிப்பாளரும் சென்னை கன்னிமாரா நூலகம், கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். 1956-ல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். அனுப்பாவிட்டால் அபராதம் 50 ரூபாய் வரை! யார் அனுப்புவார்கள்? ஒரு தலைமுறையே வாசித்த எழுத்து இப்படித்தான் எடைக்குப் போனது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் முதல் ஆவணம் உங்கள் வீட்டில்தான். அம்மா தைத்து வைத்த தொடர்கதையை எடுங்கள். கதையைப் படிக்காமல் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள். பாதி சினிமா விளம்பரம் இருக்கும், ‘தீபாவளி வெளியீடு’ என்று. படத்தின் பெயர் தெரிந்தால் வருடம் தெரியும். பக்க எண்ணுக்குப் பக்கத்தில் சிறு எழுத்தில் தேதி இருந்தால் வேலையே முடிந்தது. தையலைப் பிரிக்க வேண்டாம், போட்டோ எடுத்தால் போதும்.

அட்டை போன புத்தகத்தில் அச்சக முகவரியைப் பாருங்கள். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். ஆறு இலக்கம் இருந்தால் அந்தப் பிரதி அதற்கு முன் அச்சானதல்ல. துதிக்கை தூக்கிய பழைய ‘லை’, ‘னை’ இருந்தால் 1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். ‘இருக்கலாம்’தான், ஏனென்றால் எல்லா அச்சகமும் உடனே மாறவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘அடுத்த மாதம்’ என்ற அறிவிப்பு இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘முதற்பதிப்பு 1989’ என்று போட்டிருந்தால் நம்பவே நம்பாதீர்கள். அந்தப் பதிப்பகத்துக்கு அது முதல், அவ்வளவுதான். கதை பத்து வருடம் முன்பே வேறு தலைப்பில் வந்திருக்கும். ஆகவே நோட்டில் தலைப்போடு கதையின் முதல் வரியையும், துப்பறிபவர் பெயரையும் எழுதுங்கள். தலைப்பை மாற்றுகிறவர்கள் முதல் வரியை மாற்ற மெனக்கெடுவதில்லை.

இனி அந்தப் பெண் பெயர். சுஜாதா என்பது ரங்கராஜனின் மனைவி பெயர். புஷ்பா தங்கதுரையும் ஸ்ரீவேணுகோபாலனும் ஒரே ஆள். இது நம் ஊரில் சகஜம், ஆனால் சட்டத்தில் விஷயம் வேறு. எழுதியவர் யார் என்று வெளியே தெரியாத புனைபெயர்க் கதைக்கு உரிமை, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான். 1974-ல் வந்த கதைக்கு 2034-ல் முடிந்துவிடும். அந்தக் காலத்துக்குள் ஆள் வெளிப்பட்டுவிட்டால் 2054 வரை உண்டு. இருபது வருடம் அம்மா! ஆகவே அப்பாவின் போட்டோ போட்டு ‘இவர்தான் அவர்’ என்று ஏதாவது ஆண்டு மலரில், பேட்டியில் வந்ததா என்று தேடுங்கள். அந்த ஒரு பக்கம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

அந்தப் பெயரில் வந்ததெல்லாம் அப்பா எழுதியதுதான் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் எழுதியதுண்டு. இதற்கு நல்ல சாட்சி மணியார்டர் கூப்பன். சன்மானம் அனுப்பும்போது கதைத் தலைப்பை அந்தத் துண்டில் எழுதுவார்கள், தபால் முத்திரையில் தேதி விழுந்திருக்கும். அப்பாவின் பீரோவில், பழைய ரசீதுக் கட்டில் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் பத்திரிகை பெயர், உத்தேச மாதம், வருடம் இருக்கட்டும். அப்பா பெயரை மட்டும் எழுதினால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்.