சாய்வது கட்டடம் அல்ல

ஐயா, வணக்கம்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். அதோடு வந்த 18–55 மி.மீ. லென்ஸ்தான் கையில் இருக்கிறது. ஆட்களை எடுப்பதில் எனக்கு நாட்டமில்லை, கட்டடங்கள்தான் இழுக்கின்றன. ஆனால் நேரில் நிமிர்ந்து நிற்கும் கட்டடம் என் படத்தில் மல்லாந்து விழுவதுபோல வருகிறது. உள்ளறைகளை எடுத்தால் ஒன்று ஜன்னல் வெளுத்துப்போகிறது, இல்லையென்றால் அறை இருண்டுபோகிறது. இன்னும் அகலமான லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா? எங்கிருந்து தொடங்கலாம்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

லென்ஸ் இப்போது வேண்டாம். இருப்பதே போதும். முழுக் கட்டடமும் உள்ளே வரவேண்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடிக்கிறீர்கள், அதுதான் காரணம். கேமராவுக்குள் படம் பதியும் தகடான சென்சார் சுவருக்கு இணையாக இருக்கும்வரை சுவரின் நெடுக்குக் கோடுகள் படத்திலும் இணையாகவே விழும். கேமரா அண்ணாந்தால் கோடுகள் உச்சியை நோக்கிக் கூம்பும். அகலமான லென்ஸோடு இன்னும் கிட்டே போய் இன்னும் அண்ணாந்தால் கூம்பல் கூடத்தான் செய்யும். நேரில் பார்க்கும்போதும் கோடுகள் இப்படித்தான் நெருங்குகின்றன. ஆனால் கழுத்து அண்ணாந்திருப்பது நமக்குத் தெரிவதால் சுவர் சாய்ந்ததாகத் தோன்றுவதில்லை. படத்தைப் பார்ப்பவரின் கழுத்து நேராக இருக்கிறதே!

கேமரா திரையில் கட்டக்கோடுகளையும் மட்டம் காட்டும் கோட்டையும் வரவழைத்துக்கொள்ளுங்கள். கேமராவை மட்டமாகப் பிடித்தபடியே, உச்சி உள்ளே வரும்வரை பின்னால் நடங்கள். கீழ்ப்பாதி முழுக்க வெறுந்தரையாக இருக்கும், கவலை வேண்டாம், பிறகு வெட்டிவிடலாம். 24 மெகாபிக்ஸல் கேமராவை நிமிர்த்துப் பிடித்து எடுத்த படம் 4000க்கு 6000 பிக்ஸல். கீழே மூன்றில் ஒரு பங்கை வெட்டினாலும் 4000க்கு 4000 மிஞ்சும், பெரிதாக அச்சிடவே போதும். கட்டடக்கலைப் படக்காரர்கள் வைத்திருக்கும் ஷிஃப்ட் லென்ஸும் இதே வேலையைத்தான் செய்கிறது: கேமரா மட்டமாக நிற்க, லென்ஸ் மட்டும் மேலே நகர்கிறது. நிகான் அப்படியொரு 35 மி.மீ. லென்ஸை 1960களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டது. அந்த லென்ஸில் பிக்ஸல் வீணாகாது, அவ்வளவுதான் வித்தியாசம். பின்னால் போக இடமில்லையா? எதிரே ஏதாவது மாடி இருந்தால் அனுமதி கேட்டு ஏறுங்கள். கட்டடத்தின் பாதி உயரத்தில் நின்று எடுப்பதைப்போல வசதி வேறில்லை. மென்பொருளில் நிமிர்த்துவது சின்னச் சாய்வுக்கு மருந்து, அளவு மீறினால் கட்டடத்தின் தலை வீங்கிவிடும்.

இது ஒரு வாரத்தில் கைவந்துவிடும். வெளிச்சம் அப்படி வராது.

சுண்ணாம்பு பூசிய ஒரு கிழக்குச் சுவரை நான் ஒரு நாள் முழுக்க எடுத்தேன். காலை எட்டரைக்கு வெயில் நேரே முகத்தில் அடித்தது. படத்தில் அது வெள்ளைத்தாள், நடுவில் இரண்டு ஜன்னல். சலித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை வாக்கில் வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. பூச்சுக் கரண்டி வளைந்து வளைந்து போன தடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. விரிசலை அடைத்த இடம் தழும்புபோலப் புடைத்துத் தெரிந்தது. ஜன்னல்மேல் இருந்த சன்ஷேடின் நிழல் கதவுவரை நீண்டது. இருபது நிமிடம் இருக்கும். பிறகு சுவர் மொத்தமும் நிழலுக்குள் போய்விட்டது. உச்சிவெயிலில் படம் எடுக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். முகத்துக்கு அது சரி. அந்தச் சுவருக்கோ நல்ல நேரமே அதுதான். எனவே கடிகாரத்தை விடுங்கள், வெயில் சுவரில் என்ன கோணத்தில் விழுகிறது என்று பாருங்கள்.

ஃபிரெடரிக் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1903இல் இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தின் கல் படிக்கட்டை எடுத்தார். நூற்றாண்டுகளாக மிதித்துத் தேய்ந்த படிகள் அந்தப் படத்தில் அலையலையாகப் புரண்டு மேலேறுகின்றன. எவன்ஸ் அதற்கு முன் புத்தகக்கடை நடத்தியவர். பேராலயங்களில் நாள்கணக்கில் இருந்து, வெளிச்சம் நகர்வதைப் பார்த்த பிறகே எடுப்பார். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். தேய்மானம் முழுவதையும் பக்கவாட்டு வெளிச்சமே காட்டிக்கொடுக்கிறது.

உள்ளறை விஷயம் எளிது. டிரைபாட், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 8, இரண்டு விநாடி டைமர். ரா கோப்பாகவே, அதாவது கேமரா திருத்தாத மூலப்பதிவாகவே எடுங்கள். வெவ்வேறு எக்ஸ்போஷரில், அதாவது வெவ்வேறு அளவு வெளிச்சம் விழவிட்டு, மூன்று படம் எடுத்து இணைக்கலாம்தான், ஆனால் எனக்கு அந்தப் படங்கள் பிடிப்பதில்லை, நிழல் செத்துப்போயிருக்கும். சூரியன் மறைந்ததும் அறைவிளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். வெளியே வானம் மங்கி மங்கி விளக்குக்குச் சமமாக வரும் சில நிமிடங்கள் உண்டு. அப்போது ஜன்னலும் அறையும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கிவிடும், ஜன்னலில் நீலம் நிற்கும்.

நீங்கள் தினமும் கடந்துபோகும் ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். அழகானதாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு மாதம் அதை மட்டுமே எடுங்கள். முதல் நாள் கேமரா வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் உரசுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். மாதக் கடைசியில் படங்களோடு அந்தத் தாளையும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.