புது ராம் போட்டதும் திரை இருண்டுவிட்டது, மதர்போர்டு போயிற்றா?

கேள்வி: நான் குளச்சலில் இருக்கிறேன். 2017-இல் வாங்கிய கம்ப்யூட்டர், ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம். மகள் படிப்புக்கு ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று ஆன்லைனில் 8 ஜிபி டிடிஆர்3 ராமும் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பு டிஸ்க்) வாங்கி நானே மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. புது ராமைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் போட்டாலும் அதே கதைதான். நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினேன். ஐந்தே நிமிடத்தில், "போர்டு போச்சு, இது இப்ப வராது, புது செட் எடுங்க" என்றார்கள். நான்தான் கெடுத்துவிட்டேனா? வாங்கியதைத் திருப்பித் தர முடியுமா?

பதில்: போர்டு போயிருக்கலாம், ஆனால் ஐந்து நிமிடத்தில் அதைச் சொல்லிவிட முடியாது. பழைய ராமைத் திரும்பப் போட்டும் வரவில்லை என்கிறீர்களே, எனக்கு முதலில் சந்தேகம் வருவது அங்கேதான். இத்தனை வருடம் ஸ்லாட்டில் அசையாமல் இருந்ததைப் பிடுங்கியிருக்கிறீர்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்காது, ராமின் பித்தளை நிறப் பற்கள் மட்டும் தப்புமா? இடவப்பாதி மழையின் ஈரமும் தூசியும் சேர்ந்து படிந்திருக்கும், அசைத்ததும் தொடர்பு விட்டுப்போகும். தக்கலையில் என் வீட்டுக் கம்ப்யூட்டரும் இப்படித்தான் ஒரு வாரம் என்னை அலைக்கழித்தது.

ஆகவே முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் கரண்டை இறக்குங்கள். எஸ்எஸ்டி கேபிளையும் எடுத்துவிட்டு, பழைய ராமின் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பரால் தேய்ப்பதும் வழக்கம்தான், ஆனால் அழுத்தித் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், தூளும் விழும். ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கிளிப் "டக்" என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டி, ஒரு ஸ்லாட்டில் வராவிட்டால் அடுத்ததில் போட்டுப் பாருங்கள். போர்டுக்குப் போகும் 24 பின் பிளக்கும் பிராசசர் பக்கத்துப் பிளக்கும் கை பட்டுத் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் புதிதாக ஒன்று போடுங்கள், பெரிய செலவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள்.

பழையது உயிர்பெற்றால், புது ராமின் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆறாம் தலைமுறை போர்டுகள் டிடிஆர்4 வகை ராமுக்கும் வந்தன, டிடிஆர்3எல் வகைக்கும் வந்தன. டிடிஆர்3எல் 1.35 வோல்ட், சாதா டிடிஆர்3 1.5 வோல்ட். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் பொருந்திவிடும் என்பதால்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உங்களிடம் இருப்பது 1.5 வோல்ட் என்றால் அதைத் திரும்ப மாட்டாதீர்கள்.

அப்போதும் இருண்டே இருந்தால் கடைக்குப் போங்கள், அவர்களிடம் இருக்கும் பொருத்தமான ராமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) உங்கள் கண்முன்னே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள். போர்டு உண்மையிலேயே போயிருந்தால், அதற்குப் பழைய போர்டு தேடி அலையாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு உங்கள் பிராசசர் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. வாங்கிய எஸ்எஸ்டி புதுக் கம்ப்யூட்டரிலும் உதவும்.

திருப்பித் தருவது பற்றி: ராம் பழுதாக இருந்தாலோ, விற்பனைப் பக்கத்தில் சொன்ன அம்சம் அதில் இல்லாவிட்டாலோ விற்றவர் திரும்ப எடுத்தே ஆக வேண்டும், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. நீங்களே வகை மாற்றி ஆர்டர் செய்திருந்தால் அவர்கள் கொடுத்திருக்கும் ரிட்டர்ன் நாட்களை நம்பித்தான் இருக்க வேண்டும், அதனால் இன்றைக்கே தேதியைப் பாருங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பில்லையும் பெட்டியையும் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.