டைனமோவும் அமுதசுரபியும்

அன்புள்ள அண்ணா,

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். ஏழு தீவுகள் கொண்ட ஒரு கற்பனை உலகத்தை வைத்து மாயக்கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை இன்னும் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. ஆனால் அந்த உலகத்து மந்திரப் பொருட்களின் அட்டவணை முடிந்துவிட்டது. மொத்தம் 37. பெயர், செய்தவர், சக்தி என்று மூன்று நிரல்கள். வாசித்த நண்பன் "கேம் விளையாடுற மாதிரிக் கிடக்கு" என்றான். எங்கள் ஊர் மணக்கட்டும் என்று அக்கினி வாளை அக்கினிச் சத்தகமாகவும், மாயக் கிண்ணத்தை மாய மூக்குப்பேணியாகவும் மாற்றினேன். இப்போது "யாழ்ப்பாணத்துக் கேம் மாதிரிக் கிடக்கு" என்கிறான். எங்கே பிழைக்கிறது? 31ஆவது பொருளுக்கு மட்டும் என்ன சக்தி கொடுப்பதென்று தோன்றவில்லை. அதை எடுத்துவிடவா? அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த நண்பனைக் கைவிட்டுவிடாதீர்கள். இரண்டு தரமும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

சத்தகத்தையே எடுப்போம். ஓலை வார்கிற சிறுகத்தி அது. காய்ந்த ஓலைக் குவியலுக்கு நடுவில் இருந்து பாவிக்கிற கத்தி நெருப்புக் கக்கினால், எதிரி சாகிறானோ இல்லையோ, பெட்டி இழைக்கிற ஆச்சியின் கொட்டில் முதலில் எரிந்துபோகும். சத்தகத்தின் பெயரைக் கொண்டுவந்தீர்கள், அது கையில் செய்கிற வேலையை வீட்டிலேயே விட்டுவிட்டீர்கள். சத்தகம் வாரும். ஒரே அகலத்தில், பிசகாமல் வாரும். ஆனால் இழைக்காது. எதையும் சரிசமமாக வார்ந்துவிடுகிற சத்தகம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஒரு காணியை, ஒரு இரவை, அண்ணன் தம்பிக்குப் பொதுவான ஒரு ஞாபகத்தை. வார்ந்ததைத் திரும்பச் சேர்க்க இழைக்கத் தெரிந்த ஒருத்தி வேண்டும், அவளோ இரண்டு பேரோடும் கோபம். நெருப்புக்கு இனி என்ன வேலை?

மந்திரப் பொருளை எப்படி எழுதுவது என்று யாராவது கேட்டால் நான் மணிமேகலையைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அதில் வருகிற மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. குறிகட்டுவானில் படகேறும்போதெல்லாம் நானும் அதை நம்பிவிடுகிறேன், இறங்கிய பிறகுதான் சந்தேகம் வரும். அது கிடக்கட்டும். அமுதசுரபியின் சக்தியைச் சாத்தனார் எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார் பாருங்கள். வாங்குகிறவர் கை வலித்துப்போகுமே தவிர, பாத்திரத்தில் சோறு குறையாது. உங்கள் மூன்றாம் நிரலுக்கு இது போதும். கதை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

மதுரையில் பிச்சையெடுத்துப் பிறருக்குக் கொடுத்துவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுகிறவன் ஆபுத்திரன். மழை கொட்டுகிற நடுச்சாமத்தில் பசியோடு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். அவனிடம் ஒன்றுமில்லை. அப்போதுதான் சிந்தாதேவி பாத்திரத்தைக் கொடுக்கிறாள். பிறகு அந்தப் பாத்திரத்தைத் தோற்கடிக்க இந்திரன் வருகிறான். அவன் கையில் வச்சிராயுதம் இருக்கிறது. உங்கள் கதையென்றால் நாலு பக்கத்துக்கு மின்னல் அடித்திருக்கும். இந்திரன் என்ன செய்கிறான்? பன்னிரண்டு வருடம் வறண்டு கிடந்த பாண்டிநாட்டில் மழையைப் பெய்யவிடுகிறான். அவ்வளவுதான். வயல் விளைகிறது, பசித்தவன் இல்லை, பாத்திரத்துக்கு வேலை இல்லை. ஆபுத்திரன் ஊர் ஊராய்ப் போய்ச் "சாப்பிட யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கிறான், ஆட்கள் சிரிக்கிறார்கள். சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். காற்றுக்காக மணிபல்லவத்தில் தங்கிய கப்பல், அவன் ஏறிவிட்டான் என்று நினைத்து இரவில் பாய் விரித்துவிடுகிறது. ஆளில்லாத தீவு, குறையாத பாத்திரம், சாப்பிட ஒரே ஒருத்தன். ஊரெல்லாம் உண்ட பாத்திரத்தில் தான் மட்டும் உண்டு உயிர் வாழ அவனுக்கு மனம் வரவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் கிடந்து இறந்துபோகிறான்.

இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அறக்கதை என்று நினைத்தேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் அதன் தொழில் நுட்பம் விளங்கியது. எந்த இடத்தில் பொருள் உதவாமல் போகிறது என்பதை அவர் முதலில் தீர்மானித்துவிட்டார். பிறகு மணிமேகலை கையில் அது வரும்போதும் சும்மா சுரக்கவில்லை. ஆதிரை முதல் பிச்சை இட வேண்டும். தெய்வம் கொடுத்த பாத்திரம், பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு பெண்ணின் கைக்காகக் காத்திருக்கிறது. உங்கள் 37இல் ஒன்றாவது இன்னொரு ஆளுக்காகக் காத்திருக்கிறதா? நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நானே பாவித்த மந்திரப் பொருள் ஒன்றைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கம், போர்க்காலம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. இரவானால் அப்பு சைக்கிளை விறாந்தையில் தலைகீழாக நிறுத்துவார். டைனமோவைப் பின் டயரில் முட்டவைத்து, அதிலிருந்து இரண்டு வயரை வானொலிக்கு இழுத்திருந்தார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. ஜாம் போத்தல் விளக்கு ஒன்று முணுக் முணுக்கென்று எரியும். சில்லு வேகம் பிடித்ததும் இலண்டனில் இருந்து பிபிசியின் தமிழோசை வரும். வேகம் குறைந்தால் வாசிக்கிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் மூச்சுவிடாமல் இருப்பார்கள். செத்தவர்களின் தொகை சொல்லப்போகிறார் என்று தெரிந்தால் நான் வேண்டுமென்றே கையைத் தளர்த்தியிருக்கிறேன். குரல் தேய்ந்து, எண்ணிக்கை கேட்காமல் போகும். "சுத்தடா" என்பார் அப்பு. எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் சுற்றாவிட்டால் அந்த ஆட்கள் சாகவில்லை என்றுதான் நினைத்தேன்.

தொலைவில் இருப்பதைச் சொல்லும் கண்ணாடி என்று உங்கள் அட்டவணையில் 12ஆவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பெடல்தான் ஞாபகம் வந்தது. கண்ணாடி யாரைக் களைக்க வைக்கிறது? அதைத் துடைக்கிற கை எப்போது வேண்டுமென்றே நிற்கும்? இதை எழுதினால் நண்பன் வாய் திறக்கமாட்டான்.

மூக்குப்பேணிக்கு வருவோம். குடித்தவருக்கு நூறு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மம்மா வீட்டுப் பேணி இன்னும் என்னிடம் இருக்கிறது. வெண்கலம், அடியில் ஒரு நெளிவு, மூக்கின் நுனி மட்டும் தேய்ந்து மினுங்கும். அந்த மூக்கு எதற்கு? வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க. ஒரு பேணி பத்துப் பேர் கை மாறினாலும் எச்சில் படாது. கெட்டிக்கார வடிவமைப்புத்தான். ஆனால் அந்தப் பேணியே கொடுக்கப்படாத ஆட்களும் அதே முற்றத்தில் நின்றார்கள். அவர்களுக்குச் சிரட்டை. தேநீர்க் கடையில் எல்லோரையும் போல உள்ளே இருந்து குடிக்க 1960களில் இங்கே போராட வேண்டியிருந்தது. இதையெல்லாம் கழுவி ஊற்றிவிட்டுப் பேணியை அழகுக்கு மட்டும் கதைக்குள் கொண்டுவந்தால், அது சுற்றுலாக் கடையில் விற்கிற பேணி. வாய் வைத்துக் குடித்தால் மட்டும் பலிக்கிற பேணி என்று மாற்றிப் பாருங்களேன். நூறு வயது வேண்டும், ஆனால் எனக்கு முதல் இதில் வாய் வைத்தவன் ஆர் என்று தெரியவேணும் என்று நிற்கப்போகிற பெரிய மனிதர்கள் உங்கள் ஏழு தீவிலும் எத்தனை பேர் வருவார்கள்!

மந்திரத்துக்கு விலை என்ன என்பது பற்றியும் ஒரு சொல். பயன்படுத்தினால் ஆயுள் குறையும், இரத்தம் சொட்டும் என்றெல்லாம் எழுதி அலுத்துவிட்டது. எங்கள் கிணறுகளைப் பாருங்கள். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். ஆசைப்பட்டு இறைப்பது ஒருத்தன், உவராவது அயலவனின் கிணறு. உங்கள் உலகத்து மந்திரம் முழுவதும் அப்படி ஒரு நிலத்தடியில் இருந்து வந்தால் என்ன?

சின்ன விஷயங்கள் இரண்டு. 37 அதிகம், மூன்று போதும். அப்புறம் பெயர்கள். "மகா ஜ்வாலா கட்கம்" என்று எந்த வீட்டிலும் எதையும் கூப்பிடுவதில்லை. "அந்த நெளிஞ்ச பேணி" என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

31ஆவது பொருள். "திறப்பு. செய்தவர்: தெரியாது. சக்தி:" என்று எழுதி வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். 1995 இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திரும்பி வந்தபோது சிலருக்குக் கதவும் இல்லை, நிலையும் இல்லை. திறப்பு மட்டும் இருந்தது. உங்கள் திறப்பு யாருடைய மடியில் இருக்கிறது, பல் எத்தனை, எண்ணெய் போடுகிறார்களா, எந்தத் தீவில் அதன் பூட்டுக் கிடக்கிறது? சக்தி நிரலை அப்படியே வெறுமையாக வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்ப வேண்டாம், முதலில் நண்பனிடம் கொடுங்கள்.

அன்புடன்,
அண்ணா