பீப்பாய் வீரியத்திலேயே அடைத்த ரம்: இரட்டை விலைக்குத் தகுமா?

கேள்வி: கரீபியக் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கின் பழைய அக்ரிகோல் ரம் (கரும்புச்சாற்றிலிருந்து வடிப்பது) ஒன்றைக் கடையில் பார்த்தேன். லேபிளில் ‘ப்ரூ த ஃபூ’, 59% என்று இருக்கிறது. அதே வடிசாலையின் 45% பாட்டிலைப்போல இரண்டு மடங்கு விலை. வாங்கலாமா? எப்படிச் சுவைப்பது?

பதில்: பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே, அதாவது ஆல்கஹால் அளவிலேயே, தண்ணீர் சேர்க்காமல் அடைத்தது என்பதே அந்தச் சொல்லின் பொருள். முதலில் கணக்கைப் பாருங்கள். 700 மி.லி. ரம்மை 59 சதவீதத்திலிருந்து 45-க்கு இறக்கினால் சுமார் 918 மி.லி. கிடைக்கும். அதாவது வீரியத்துக்காக மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலை நியாயம். மிச்சத்தைப் பீப்பாய்க்காகத்தான் கொடுக்கிறீர்கள். ஆகவே வடித்த ஆண்டு, அடைத்த ஆண்டு, பீப்பாய் எண் மூன்றும் லேபிளில் இல்லாவிட்டால் அந்த விலை கொடுக்காதீர்கள். சில பாட்டில்கள் 500 மி.லி.தான்; அதையும் கவனியுங்கள்.

1996-இல் மார்த்தினிக் ரம்முக்குப் பிரான்சின் ஏஓசி (விளைந்த இடத்தையும் செய்முறையையும் உறுதிசெய்யும்) தரச்சான்று கிடைத்தது. அதன்படி மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) கூடாது, புதுக் கரும்புச்சாறுதான். லேபிளில் வயதைக் காட்டும் குறியீடுகளின்படி, ஓக் பீப்பாயில் விஓ குறைந்தது 3 ஆண்டு, விஎஸ்ஓபி 4, எக்ஸ்ஓ 6 இருந்திருக்க வேண்டும். 55% வெள்ளை ரம்மைப் பார்த்து அதுவும் பீப்பாய் வீரிய ரம்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அது பீப்பாயில் முதிர்ந்த சரக்கே அல்ல.

சுவைக்க, வாய் குறுகிய கிளாஸில் 20 மி.லி. ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். சுழற்ற வேண்டாம், ஆல்கஹால் ஆவிதான் முதலில் கிளம்பும். கிளாஸை முகவாய் அருகே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். மூக்கை உள்ளே விட்டால் மரத்துப்போகும், அப்புறம் எந்த மணமும் பிடிபடாது. முதல் மிடறு சில துளிகள் போதும். நாக்கைப் பழக்கத்தான் அது. இரண்டாவதில்தான் கரும்பின் பச்சை வாசனையும் ஓக்கின் துவர்ப்பும் தனித்தனியே தெரியும். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால் 3.5 மி.லி. தண்ணீர் விடுங்கள்: 50 சதவீதம் ஆகும். இன்னும் 2.5 மி.லி. விட்டால் ஏறத்தாழ 45. ஒவ்வொரு முறையும் சில நிமிடம் பொறுங்கள். ஐஸ் போட்டால் மணம் அடங்கிவிடும். இந்த விலைச் சரக்குக்கு அது அநியாயம்.

கேள்வி: தண்ணீர் விட்டதும் கலங்கிவிட்டது. போலியா?

பதில்: இல்லை. குளிர்வித்து வடிகட்டாத ரம்மில் கொழுப்பமில எஸ்டர்கள் இருக்கும். வீரியம் குறைந்ததும் அவை கரைசலிலிருந்து பிரியும். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் கலங்கல் கூடும். அறை வெப்பத் தண்ணீரே சரி. அடியில் கருந்துகள் கிடந்தால் அது பீப்பாயின் உட்புறக் கரியாக இருக்கலாம். மூடி முத்திரை உடைந்திருந்தாலோ, திறக்காத பாட்டிலில் அளவு குறைந்திருந்தாலோதான் பில்லோடு திருப்பிக் கொடுங்கள்.