ஓசி டோக்கனை விடுவிக்க 850 ராண்ட் எதற்கு?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 23 வயது. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். இலவசமாகக் கிரிப்டோ டோக்கன், அதாவது இணையத்தில் விற்கும் டிஜிட்டல் நாணயம், தருகிறார்கள் என்று எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான். திட்டலாம் என்றால், போன வருடம் அப்படிக் கிடைத்ததை விற்று 900 ராண்ட் வீட்டுச் செலவுக்குக் கொடுத்தான். அதனால் வாயைத் திறக்க முடியவில்லை. இப்போது ஒரு டெலிகிராம் குழுவில் அவன் பெயருக்கு 3,000 டோக்கன் ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். அதை விடுவிக்க ஒரு வங்கிக் கணக்குக்கு 850 ராண்ட் அனுப்ப வேண்டுமாம். இன்னொரு கணக்கு திறந்தால் இன்னொரு பங்கு கிடைக்கும் என்று என்னுடைய ஐடி கார்டின் படத்தையும், அதைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபியையும் கேட்கிறான். அவனுடையதை ஏற்கெனவே அனுப்பிவிட்டான். இது பாதுகாப்பானதா? இதில் உண்மையிலேயே காசு இருக்கிறதா?

– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: தங்கச்சி, 850 ராண்டை அனுப்ப வேண்டாம். உங்கள் ஐடி படத்தையும் கொடுக்க வேண்டாம். இந்த மாதிரிக் குழுக்களில் எப்போதும் 'இன்று இரவுக்குள்' என்று ஒரு கெடு வைப்பார்கள். அதனால் இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டேன். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் பையன் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. ஏர்டிராப் என்று இவர்கள் சொல்லும் இலவச டோக்கன் விநியோகம் நிஜமாகவே நடக்கிறது. பெரிதாகப் பேசப்பட்டது, டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் இணையச் சேவையான யூனிஸ்வாப் 2020 செப்டம்பரில் கொடுத்தது. அந்த மாதம் 1-ஆம் தேதிக்கு முன்பு அந்தச் சேவையை ஒரே ஒரு தடவை பயன்படுத்தியிருந்த வாலட்டுக்குக்கூட, அதாவது டோக்கன் வைக்கும் டிஜிட்டல் பணப்பைக்குக்கூட, 400 டோக்கன். அன்றைய விலையில் சுமார் 1,200 டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 20,000 ராண்ட். விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு 2021 மே மாதம் அது 16,000 டாலரைத் தாண்டியது. அதற்குப் பிறகு 2023 மார்ச்சில் ஆர்பிட்ரம் என்ற கிரிப்டோ வலையமைப்பு, தகுதி பெற்ற ஒவ்வொரு வாலட்டுக்கும் குறைந்தது 625 டோக்கன் கொடுத்தது. இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் இன்றைக்கும் இளைஞர்கள் இதன் பின்னால் ஓடுகிறார்கள்.

சோழியன் குடுமி சும்மா ஆடாது. டோக்கன் கொடுப்பவர்களுக்கும் லாபம் உண்டு: ஆட்கள் வருவார்கள், பேச்சு பரவும், டோக்கன் பல கைகளுக்குப் போனால்தான் அதற்கு ஒரு சந்தையே உருவாகும். அதில் தவறில்லை, விளம்பரச் செலவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் யூனிஸ்வாப் கதையில் உங்கள் பையன் கவனிக்க வேண்டியது வேறு. அந்த 400 டோக்கன் வரப்போகிறது என்று எந்தக் குழுவிலும் யாரும் முன்கூட்டி அழைக்கவில்லை. ஏற்கெனவே அந்தச் சேவையைப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் கிடைத்தது. யாருடைய வங்கிக் கணக்குக்கும் யாரும் பணம் அனுப்பவில்லை.

'கட்டணம் உண்டுதானே, கேஸ் ஃபீ என்று கட்டுகிறோமே' என்று அவன் கேட்பான். கேட்பது சரிதான். டோக்கனைப் பெற்றுக்கொள்ள ஒரு கட்டணம் உண்டு. ஆனால் அது அந்தப் பிளாக்செயினுக்கே, அதாவது பரிவர்த்தனைகளைப் பதியும் கணினி வலையமைப்புக்கே, போகும் கட்டணம்; எத்தீரியம் என்ற பிளாக்செயின் என்றால் ஈத்தர் நாணயமாக, உங்கள் வாலட்டில் இருப்பதிலிருந்தே, பரிவர்த்தனை நடக்கும் அந்த நொடியில் கழியும். ராண்டாக ஒரு மனிதருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பும் கேஸ் ஃபீ என்று ஒன்று கிடையவே கிடையாது. 850 கட்டினால் அடுத்து 'வரி' என்று 1,500 கேட்பார்கள், அப்புறம் 'கணக்குச் சரிபார்ப்பு' என்று இன்னொன்று. கட்டியதை விட மனமில்லாமல் ஜனங்கள் மேலும் மேலும் கட்டுவார்கள். 2020 ஜூலையில் ட்விட்டரில் ஒபாமா, பில் கேட்ஸ், ஈலான் மஸ்க் கணக்குகளையெல்லாம் திருடர்கள் பிடித்துக்கொண்டு, 'பிட்காயின் அனுப்பினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்' என்று எழுதினார்கள். அந்தச் சில மணி நேரத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போனது. முதலில் நீ அனுப்பு, அப்புறம் நான் தருகிறேன் என்ற அதே பேச்சுதான் இங்கே 850 ராண்டாக வந்திருக்கிறது.

காசே கேட்காத ஏமாற்று இன்னும் மோசம். இதைப் பையனோடு உட்கார்ந்து படியுங்கள். ஒரு லிங்க் வரும். அசல் தளத்தைப் போலவே நிறம், சின்னம், எல்லாம் இருக்கும். முகவரியில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். ஆர்பிட்ரம் கொடுத்த நாளில் கூட்டம் தாங்காமல் அசல் தளமே திணறியது, போலித் தளங்களோ சுறுசுறுப்பாகத் திறந்தன. 'கிளெய்ம்' என்று பெரிய பொத்தான். அதை அமுக்கியதும் போனின் கீழ்ப்பக்கத்திலிருந்து வாலட்டின் ஜன்னல் எழும்பி வரும். அவசரத்தில் எல்லோரும் நேரே கீழே இருக்கும் 'கன்ஃபர்ம்' பொத்தானுக்குப் போவார்கள். அதற்கு மேலே சின்ன எழுத்தில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். அங்கே 'அப்ரூவ்' என்றோ, 'ஸ்பெண்டிங் கேப்' என்றோ, அதன் பக்கத்தில் 'அன்லிமிடெட்' என்றோ இருந்தால், நீங்கள் எதையும் பெற்றுக்கொள்ளப் போவதில்லை. உங்கள் வாலட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு டோக்கனை, அவர்கள் விரும்பும்போது விரும்பும் அளவு எடுத்துக்கொள்ள அனுமதி கொடுக்கிறீர்கள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டு முன்பின் தெரியாதவன் கையில் கொடுப்பது போலத்தான்.

இதிலேயே இன்னொரு தந்திரம் உண்டு. 'பெர்மிட்' என்று ஒரு கையெழுத்து கேட்பார்கள். அதற்குக் கேஸ் ஃபீ ஒரு பைசா பிடிக்காது. காசு பிடிக்கவில்லையே, என்ன ஆகிவிடும் என்று பையன் நினைப்பான். அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு அவர்கள் பிறகு சாவகாசமாக வந்து அள்ளிப் போவார்கள். கேட்காமலே வாலட்டில் வந்து உட்காரும் டோக்கன்களும் இப்படித்தான். டோக்கனின் பெயரிலேயே ஒரு இணைய முகவரி இருக்கும், அங்கே போய் மாற்றிக்கொள் என்று. அவற்றை விற்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். வாலட்டைத் திறக்கும் அந்த 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை யாருக்கும் தரக்கூடாது என்பது அவனுக்கே தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சரி, ஐடி விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகமாக உறுத்தியது அதுதான், 850 ராண்ட் அல்ல. பணம் போனால் ஒரு தடவை போகும். ஐடி படமும், அதைப் பிடித்தபடி இருக்கும் செல்ஃபியும் சேர்ந்தால், உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறக்கத் தேவையானதில் முக்கால்வாசி வந்துவிட்டது. திருட்டுப் பணத்தை அந்தக் கணக்கு வழியாக ஓட்டினால், போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டு வாசலுக்கு. கடனும் தவணைக் கணக்கும் வாங்கினால் நிலுவை நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.

கேட்பது குழுக்காரன் இல்லை, சொந்த மகன்தானே என்று தோன்றும். அவனுக்கே கொடுத்தாலும் எனக்குச் சம்மதமில்லை. ஒரே ஆள் பல பேர் மாதிரி வந்து பங்கு கேட்பதைப் பிடிக்க, டோக்கன் கொடுப்பவர்கள் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். மாட்டினால் இரண்டு கணக்குமே போகலாம், அவன் நேர்மையாகச் சேர்த்ததும் சேர்த்து. கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் நம் தென்னாப்பிரிக்க எக்ஸ்சேஞ்சுகளும் 2025 ஏப்ரல் 30 முதல், கிரிப்டோவை அனுப்பும்போதும் பெறும்போதும் யார் அனுப்பியது, யாருக்கு என்ற விவரத்தைக் கேட்டே ஆக வேண்டும். உங்கள் பெயரில் இருக்கும் கணக்கில் அவன் என்ன பதில் எழுதுவான்? போதாக்குறைக்கு, அதில் வரும் வருமானம் வரித் துறையான சார்ஸ் கண்ணுக்கு உங்கள் வருமானம். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து உங்கள் விகிதத்தில் வரி விழும்.

அவனுடைய படம் ஏற்கெனவே போய்விட்டது, அதற்கு ஒரு வழி இருக்கிறது. எஸ்ஏஎஃப்பிஎஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் 'புரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒன்று உண்டு, இலவசம். அதில் பதிந்தால், அவன் ஐடி எண்ணில் யாராவது கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அமைப்பில் உறுப்பினராக இருக்கும் வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் எச்சரிக்கை போகும். இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். அவன் எங்கேயாவது 'அப்ரூவ்' கொடுத்திருந்தால் அந்த அனுமதியை ரத்து செய்ய முடியும்; எத்தீரியம் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈத்தர்ஸ்கேன் தளத்திலேயே அதற்கு ஒரு பகுதி இருக்கிறது. அந்த 12 சொற்களை எங்காவது தட்டச்சு செய்திருந்தால் ரத்து செய்து பயனில்லை. புதிதாக ஒரு வாலட் திறந்து, மிச்சம் இருப்பதை உடனே அதற்கு மாற்ற வேண்டும். அப்புறம், 'தொலைந்ததை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான்.

இதில் காசு இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் சில்லறை. 2024-இல் டெலிகிராமில் ஹாம்ஸ்டர் கொம்பாட் விளையாட்டு எவ்வளவு பேரைப் பிடித்து ஆட்டியது! மாதக்கணக்கில் திரையைத் தட்டினார்கள். செப்டம்பரில் டோக்கன் கைக்கு வந்தபோது ஒன்றின் விலை சுமார் ஒரு அமெரிக்க சென்ட். பலருக்குத் தேறியது சில டாலர்தான். போன் செயலியில் டோக்கன் சேர்க்கும் பை நெட்வொர்க் 2019-இல் தொடங்கியது. 2025 பிப்ரவரி 20-ஆம் தேதிதான் வெளிச் சந்தைக்கு வந்தது. ஒரு வாரத்தில் 3 டாலரை நெருங்கி, இரண்டு மாதத்துக்குள் 1 டாலருக்குக் கீழே இறங்கியது. காரணம் லேசானது. ஓசியில் வாங்கிய அத்தனை பேரும் முதல் நாளே விற்க நிற்கிறார்கள், வாங்க ஆள் வேண்டாமா?

அவனிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். தினம் 2 மணி நேரம் வீதம் 90 நாள், மொத்தம் 180 மணி நேரம். 2025 மார்ச்சில் வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட். அதை வைத்துப் பார்த்தால் 5,182 ராண்ட் ஆகிறது. அவன் கொண்டுவந்தது 900. அதைக் குறைவாகப் பேசவில்லை, வேலை இல்லாத பையன் வீட்டுக்குக் காசு கொடுத்தது பெரிய விஷயம்தான். ஆனால் வேலைக்கு விண்ணப்பம் போடும் நேரத்தை இது தின்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அடியோடு நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒளித்துச் செய்வான், அது இன்னும் ஆபத்து. செய்யட்டும், ஆனால் இதற்கென்றே தனியாக ஒரு வாலட். அதில் கேஸ் ஃபீக்குத் தேவையான சில்லறையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. யாராவது துடைத்துக்கொண்டு போனாலும் ரொட்டிக்குள் குழம்பு வைத்த ஒரு பன்னி சௌ வாங்கும் காசோடு போகட்டும். லிங்க் குழுவிலிருந்து வந்தால் அமுக்காமல், அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்துக்கு அவனே முகவரி அடித்துப் போய் அங்கே அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஆள் சேர்த்தால் கூடுதல் டோக்கன் என்றால் விலகிவிடட்டும். பிட்காயின் முதலீட்டுத் திட்டமான மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் 2020 இறுதியில் சரிந்தபோது உறவுக்காரர், கோயில் நண்பர் என்று ஒருவர் இன்னொருவரை இழுத்துவிட்ட கதைகள்தான் எங்கும். விட்ட பணத்தைவிட அந்த முகங்களைப் பார்ப்பதுதான் பலருக்குக் கஷ்டமாக இருந்தது.

கிடைத்ததை ராண்டாக மாற்ற, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏ அமைப்பின் உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்சையே பயன்படுத்தட்டும். 2022 அக்டோபரில் கிரிப்டோவை நிதிப் பொருளாக அறிவித்த பிறகு, இங்கே அந்தச் சேவை தருகிறவர்களுக்கு உரிமம் கட்டாயம். எஃப்எஸ்சிஏ தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். மாற்றிய ராண்டை எக்ஸ்சேஞ்சிலேயே தூங்க விடாமல் வங்கிக் கணக்குக்குக் கொண்டுவந்துவிடச் சொல்லுங்கள். வங்கி கவிழ்ந்தால் 2024 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 ராண்ட் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. கிரிப்டோவுக்கு அது கிடையாது.

வரி பற்றி இரண்டு வார்த்தை. கிரிப்டோவில் வரும் வருமானத்தையும் லாபத்தையும் சார்ஸ் வழக்கமான வருமான வரி விதிகளின்படியே பார்க்கும். தொழில் போலத் தொடர்ந்து செய்தால் வருமானம் என்றே எடுத்துக்கொள்ளும். 2026 பிப்ரவரியோடு முடியும் வரி ஆண்டுக்கு, 65 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு 95,750 ராண்ட் வரை வரி இல்லை, அதனால் இப்போதைக்கு அவனுக்குக் கையை விட்டு ஒன்றும் போகாது. இருந்தாலும் ஒரு பழைய நோட்டை எடுத்து, டோக்கன் வந்த தேதி, அதன் பெயர், அன்றைய ராண்ட் விலை, விற்றபோது கிடைத்தது என்று நாலு கட்டம் போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு வேலை கிடைத்து சார்ஸின் ஈஃபைலிங் தளத்தில் கணக்குக் காட்டும்போது, பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேடி அலைய வேண்டியிருக்காது. அந்த 900 ராண்டை முதல் வரியில் எழுதட்டும்.