ஆள் மாறும் கெரட்டின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சோரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் உதிரும் நோய்) வந்த தோலில் கெரட்டின் அதிகமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? கெரட்டின் மாத்திரையைத் தவிர்க்க வேண்டுமா?

பதில்: கூடுகிறது என்பதைவிட ஆள் மாறுகிறது என்பதே பொருத்தம். கெரட்டின் என்பது தோல் செல்லுக்கு உறுதி தரும் இழைப் புரதக் குடும்பம்; அதன் வகைகளை எண்ணால் குறிப்பார்கள். நல்ல தோலின் அடி அடுக்கில் கெரட்டின் 5, 14 ஜோடி இருக்கும். செல் மேலே நகர்ந்ததும் அந்த உற்பத்தி அடங்கி, 1, 10 ஜோடி தொடங்கும். சோரியாசிஸில் 1, 10 குறைந்து 6, 16, 17 தலைதூக்குகின்றன. காயம்பட்ட தோலிலும் சில மணி நேரத்திலேயே இந்த மூன்றும் வந்துவிடும். எனவே 16 தெரிந்ததுமே சோரியாசிஸ் என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளங்கை, பாதம், மயிர்க்கால் ஆகியவற்றில் நோயே இல்லாதபோதும் 6, 16, 17 உண்டு. முழங்கையில் வந்த சோரியாசிஸ் படையை ஒப்பிட அதே ஆளின் பாதிக்கப்படாத கைத்தோலை எடுங்கள். உள்ளங்கையை எடுத்தால் கணக்கே தப்பாகும்.

மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விழுங்கிய புரதம் குடலில் உடைந்துவிடும். தோல் செல் தன் கெரட்டினைத் தானே செய்துகொள்கிறது.

கேள்வி: ஆரோக்கியமானவரின் தோல் செல்களை வளர்த்தோம். கெரட்டின் 6, 16 வருகின்றன, 10 வரவில்லை. மாதிரி கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. வளர்ப்புத் தட்டில் பரவும் செல், காயத்தை மூட நகரும் செல்லைப் போலவே நடந்துகொள்ளும். 10 வர வேண்டுமானால் செல்கள் தட்டை நிரப்பும்வரை குறைந்த கால்சியத்தில், அதாவது 0.06 மில்லிமோலார் அளவில் வளர்த்து, பிறகு 1.2 மில்லிமோலாருக்கு உயர்த்தி, சில நாள் விடுங்கள். நோயாளி செல்களையும் மற்றவற்றையும் ஒரே அடர்த்தியில் அறுவடை செய்வது அவசியம். ஒரு தட்டு பாதி, மற்றது முழுசு என்றால் நீங்கள் அளப்பது நெருக்கத்தின் வித்தியாசத்தைத்தான். இவ்வளவு செய்தாலும் 6, 16 முழுதாக மறையாது. சோரியாசிஸ் ஒப்பீட்டுக்குத் தோலிலிருந்து நேரடியாக எடுத்த திசு வெட்டுகளையே நம்பலாம்.

கேள்வி: வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைப்படி பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) ஒப்பீட்டுக்கான ஆக்டின் புரதம் பளிச்சென்று வருகிறது, கெரட்டின் 14 மங்கல். செல்களை உடைத்துப் புரதம் எடுக்கும் வழக்கமான கரைசலான ரிப்பா பஃபரில்தான் கரைத்தோம்.

பதில்: சுழற்றிய குழாயின் அடியில் வெள்ளையாகத் தங்கிய படிவைக் கொட்டிவிட்டீர்களா? கெரட்டின் இழைகளில் பெரும்பகுதி அதில்தான் இருக்கும். ரிப்பாவுக்கு அவை மசியாது. படிவை 8 மோலார் யூரியாவும் டிடிடியும் (புரதங்களின் கந்தகப் பிணைப்பை அவிழ்க்கும் பொருள்) கலந்த பஃபரில் கரையுங்கள். யூரியா கலந்ததைச் சூடாக்காதீர்கள், புரதம் வேதிமாற்றம் அடையும். இல்லையேல் செல்களை நேரடியாக 2 சதவீத எஸ்டிஎஸ் (புரதத்தைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்), டிடிடி கலவையில் கரைத்து, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, டிஎன்ஏவால் வரும் கொழகொழப்பு போக சோனிகேட் செய்யுங்கள், அதாவது ஒலி அலையால் சிதறடியுங்கள். எங்கள் விருப்பம் இரண்டாவது வழிதான்: எதுவும் பிரியாததால் ஆக்டினோடு ஒப்பிட்டு அளவைச் சரிபார்க்க முடியும். படிவை மட்டும் ஓட்டினால் ஆக்டின் அளவுகோல் ஆகாது.

கெரட்டின் 14 சுமார் 50 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடத்தில் வரும். 6, 10 இரண்டும் 56 பக்கத்திலேயே இருப்பதால் எடையை வைத்துப் பிரிக்க முடியாது. ஒவ்வொன்றையும் மட்டும் பிடிக்கும் தனித்தனி ஆன்டிபாடி தேவை.

பட்டை சரியாக வந்தாலும் கெரட்டின் நல்லது என்று பொருளில்லை. எபிடெர்மோலைசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ் என்ற பரம்பரைக் கொப்புள நோயில், கெரட்டின் 14இன் 125ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலமான ஆர்ஜினின் மாறினாலே இழைகள் குலைந்து தோல் கொப்புளிக்கும்; பட்டையோ வழக்கம்போலவே தெரியலாம். அந்தச் சந்தேகத்துக்கு மரபணு வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

ஜெல்லில் எல்லாப் புரதங்களையும் காட்டும் வெள்ளிச் சாயம் இடுவதானால் ஒரு தடத்தில் வெறும் பஃபரை ஓட்டுங்கள். அங்கேயும் 55 முதல் 70 கிலோடால்டனுக்குள் பட்டை விழுந்தால், அது பெரும்பாலும் கையிலிருந்தோ தூசியிலிருந்தோ வந்த கெரட்டின் 1, 10தான்; கையுறையை மாற்றி, பஃபரைப் புதிதாகத் தயாரியுங்கள்.